நடுவுல மலை வரணும்னு யாருலே சொன்னா?

எய்யா பேராண்டி, ஒன் கேமரா வெலையக் கேட்டதுலருந்து எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தத் துட்டுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கிக் கட்டியிருந்தா பாலாவது கறந்திருக்கும். சரி, வாங்கிட்டே. அதைக் கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டு ரத வீதியில நீ நடக்க நடையப் பாத்தா, நம்மூர் ஆடித்தபசுத் திருவிழாவே ஒன்னப் பாக்கத்தான் நடக்குதுன்னு வெளியூர்க்காரன் நெனைச்சுக்கிடுவான். படம்தான் ஒண்ணும் வெளங்கல. ஒங்க பெரியப்பன் சலவ வேட்டி சாம்பலா இருக்கு. கோயில் யானையும் சாம்பலா இருக்கு. ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சா எது பெரியப்பன்னு கண்டுபிடிக்கத் துதிக்கை ஒண்ணுதான் அடையாளம்.

கேமராவத் திட்டாத. அது பாவம், படிச்சது ஒத்தப் பாடம். எதைப் பாத்தாலும் நடுச் சாம்பல்னு நெனைக்கும். விழுற வெளிச்சத்துல நூத்துக்கு 18 பங்கத் திருப்பி அனுப்புற சாம்பல். சலவ வேட்டி முக்கால் பங்குக்கு மேல திருப்பி அனுப்பும். ‘இவ்வளவு ஆகாது’ன்னு கேமரா வெளிச்சத்தக் கொறைக்கும்; வேட்டி அழுக்காயிரும். மழ பெஞ்ச கரிசல் மண்ணு நூத்துக்குப் பத்துகூடத் திருப்பாது. ‘இது பத்தாது’ன்னு கூட்டும், கரிசல் வெளிறிப் போவும். இப்போ வார கேமரா மூஞ்சிய எல்லாம் தேடிக் கண்டுபிடிக்கு, கொஞ்சம் கூறு வந்திருக்கு. ஆனா பழைய கோட்டி இன்னும் முழுசாத் தெளியல. கணக்கப் பாரு: 18ஐ இரட்டிச்சா 36, இன்னொரு தரம் இரட்டிச்சா 72. ஒரு தரம் இரட்டிக்கதுக்குப் பேருதான் ஒரு ஸ்டாப். அதனால வேட்டிக் கூட்டம் படம் நெறைய நின்னா ஒண்ணரைலருந்து ரெண்டு ஸ்டாப் கூட்டணும். யானை படம் நெறைய நின்னா ஒண்ணு, ஒண்ணரை கொறைக்கணும். வெள்ளைக்குக் கூட்டு, கருப்புக்குக் கொற. கேக்கதுக்குத் தலகீழா இருக்குல்லா? கூறுகெட்டவன்கிட்ட வேல வாங்கணும்னா நேர்மாறாத்தான் சொல்லணும். ஒன்ன வளத்தவனுக்கு இது தெரியாதா?

இதச் சொன்னா, ‘ஸ்கிரீன்ல பாத்தேன் தாத்தா, செமையா இருந்துச்சு’ங்கே. இருக்கும்லே, ஏன் இருக்காது? உச்சி வெயில்ல நின்னு ஸ்கிரீனப் பாத்தா எல்லாப் படமும் இருட்டாத் தெரியும், நீ கூட்டுவே. ராத்திரி இருட்டுச் சந்துல நின்னு பாத்தா எல்லாப் படமும் பளபளன்னு தெரியும், நீ கொறைப்பே. போதாக்கொறைக்கு ஸ்கிரீன் வெளிச்சத்த வேற நீயே ஏத்தி வச்சிருக்கே. ஒன் கண்ணும் லேசுப்பட்டது இல்ல, கொஞ்ச நேரத்துல எந்த இருட்டுக்கும் பழகிக்கிடும். குத்தவாளியும் நீ, சாட்சியும் நீ, ஜட்ஜும் நீ. கேசு எப்படி வெளங்கும்?

அந்த ஸ்கிரீன்லயே ஒரு மூலையில மேடும் பள்ளமுமா ஒண்ணு கெடக்கே, அத என்னைக்காச்சும் பாத்திருக்கியா? மறைச்சு வைக்க ஒரு பட்டன் இருக்குன்னு மட்டும் வெரசாக் கத்துக்கிட்டே. அதுக்குப் பேரு ஹிஸ்டோகிராம். 1890கள்ல லண்டன்ல கணக்கு வாத்தியாரா இருந்த கார்ல் பியர்சன் வச்ச பேரு. அவரு கேமராவுக்குன்னு வைக்கல. எதையும் ரகம் பிரிச்சு எண்ணிப் பாக்கதுக்கு வச்சாரு. நம்ம களத்துல அறுப்பு முடிஞ்சு ரகம் ரகமா அம்பாரம் போடுவோம்லா? எந்த அம்பாரம் ஒசரமோ அந்த ரகம் சாஸ்தி. அவ்வளவுதான் சங்கதி. ஒன் கேமரா 24 மெகாபிக்சல்னா ஒரு படத்துல ரெண்டு கோடியே நாப்பது லட்சம் புள்ளி. ஒவ்வொண்ணும் எம்புட்டு வெளிச்சம்னு பாத்து 0லருந்து 255 வரைக்கும் 256 அம்பாரமாக் கொட்டும். இடது கோடி மையிருட்டு, வலது கோடி சுத்த வெள்ளை. எந்தப் புள்ளி படத்துல எங்க இருந்துச்சுன்னு அதுக்குக் கவல இல்ல. அம்பாள் மூக்குத்தியும் ஐஸ் வண்டி பல்பும் ஒரே அம்பாரத்துலதான் கெடக்கும். முகதாட்சண்யம் பாக்காத கணக்கு. நம்ம குடும்பத்துல அப்படி ஒண்ணு இல்லாமப் போச்சேன்னுதான் எனக்கு வருத்தம்.

அதுல மொதல்ல பாக்க வேண்டியது ரெண்டு ஓரம். வலது செவத்துல அம்பாரம் ஒட்டி ஏறிட்டுன்னா, அங்க இருந்த நுணுக்கமெல்லாம் 255ல போய்க் கலந்துட்டு. நீ எடுக்கது ஜேபெக்கா இருந்தா அந்தானக்கி போனதுதான். ஒங்க அப்பன் வாங்குன கடன வேணா மீட்கலாம், அத மீட்க முடியாது. நம்ம பூ மார்க்கெட்டுல மல்லிகைக் குவியல எடுத்தியே, அதுல இதழும் இல்ல, காம்பும் இல்ல, வெறும் வெள்ளை. பூக்கார ஆச்சிகிட்ட காட்டிப் பாரு, ‘பூ எங்கலே’ன்னு கேக்கும். இடது செவத்துல ஒட்டினா யானைத் தோல் சுருக்கம், கருப்புச் சேல மடிப்பு, தபசு மண்டபத்துத் தூணுக்குப் பொறத்தால நிக்க சனம், எல்லாம் காணாமப் போவும். இருட்டக் கொஞ்சம் தோண்டி எடுக்கலாம், கூடவே பொடிப் பொடியா அசிங்கமும் கெளம்பும். வெளுத்தது வெளுத்ததுதான்.

‘அப்போ ஓரத்துல ஒட்டவே கூடாது’ன்னு ஒடனே நோட்டுல எழுதிராத. காலையில நம்ம அம்பாள் கோமதியம்மா தங்கச் சப்பரத்துல தபசு மண்டபத்துக்குப் போறாளே, அந்தத் தங்கத்துல வெயில் பட்டுத் தெறிக்க எடம் வலது செவத்துல முட்டத்தான் செய்யும். முட்டட்டும். அந்த மினுக்கத்துக்குள்ள நுணுக்கம் தேடுனா தங்கம் மங்கிப் பித்தளையாயிரும். எரியுற பல்பு, தீவட்டிச் சுடர், எண்ணெ மினுக்குற நெத்தி, இதெல்லாம் வெளுத்தா ஒண்ணும் கொறஞ்சு போவாது. அம்பாள் அலங்காரம் வெளுத்தாத்தான் தப்பு. எது போனாப் பரவாயில்ல, எது போகக் கூடாதுன்னு அம்பாரம் சொல்லாது. அத நீதான் சொல்லணும். அதுக்குத்தான் ஒனக்கு மண்டையக் குடுத்திருக்கு. தொப்பி போட மட்டும் இல்ல.

அடுத்தாப்புல ஒன் கூட்டாளி ஒருத்தன் வந்து, ‘நடுவுல மலை மாதிரி எழும்பி ரெண்டு பக்கமும் சரிஞ்சாத்தான் நல்ல படம்’னு சொல்லிட்டுப் போயிருக்கான். நீயும் தலைய ஆட்டிட்டு, நல்லாருந்த படத்தையெல்லாம் இழுத்து நடுவுல மலையாக்கிட்டே. ஏலே, எந்த ஊர்ல பொறந்துட்டு என்ன பேச்சுப் பேசுதே? நம்ம வீட்டுச் செவத்துல தொங்குற சங்கரநாராயணர் படத்தப் பாரு. ஒரு பாதி திருநீறு பூசின சிவன், மறு பாதி நீலமேகப் பெருமாள். அதுக்கு ஹிஸ்டோகிராம் போட்டா வெளுப்புப் பக்கம் ஒரு குவியல், கருப்புப் பக்கம் ஒரு குவியல், நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்த நெரப்புனா சாமி ரெண்டும் கெட்டானா நிப்பாரு. சிவன் பெரிசா பெருமாள் பெரிசான்னு சங்கன், பதுமன்னு ரெண்டு பாம்பு சண்ட போட்டதுக்கு அம்பாள் தவமிருந்து வாங்கித் தந்த பதில் இது: ரெண்டும் வேணும், ரெண்டும் கலங்காம வேணும். பாம்புக்குப் புரிஞ்சது ஒன் கூட்டாளிக்குப் புரியல.

படத்துக்குத் தக்கனதான் குவியல். ராத்திரி யானை வாகனத்துல சங்கரலிங்கம் வாரப்போ வீதி பாதிக்கு மேல இருட்டு. அம்பாரம் இடது பக்கம்தான் குவியணும். வலது பக்கம் தள்ளினா நடுராத்திரி பட்டப்பகலாயிரும், தீவட்டிக்கு வேல இல்லாமப் போவும். வெடிச்ச பருத்திக் காட்டக் காலையில எடுத்தா அம்பாரம் வலது பக்கம் சாயணும். சாயங்காலம் சங்கரநாராயணராக் காட்சி குடுக்கப்போ சனங்க பருத்தியும் வத்தலும் அள்ளி வீசுதாங்களே, அந்த நேரத்துக்கு எந்தச் சட்டமும் கெடையாது. வெளிச்சம் நிமிசத்துக்கு நிமிசம் எறங்கும். காலையில வச்ச அளவுலயே நீ சாயங்காலமும் நின்னுக்கிட்டிருந்தியே, அதப் பாத்து நான் ஒண்ணும் சொல்லல. விரதம்னு நெனைச்சேன்.

இனி கலருக்கு வா. ஒத்த ஹிஸ்டோகிராமப் பாத்துட்டு ‘எல்லாம் சரி’ன்னு நிமிந்துராத. அது மூணு கலரையும் கூட்டிக் கலந்து சொல்ற கணக்கு, அதுலயும் ஓரவஞ்சன உண்டு. பழைய டெலிவிஷன் காலத்துலருந்து வார பங்கு இது: நூறுல சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. மனுசக் கண்ணு பச்சைக்குத்தான் மசியும், அதனால அப்படி. சென்சார் மேல இருக்க கலர்க் கட்டத்துலயும் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் கம்பெனியில பிரைஸ் பேயர்னு ஒருத்தரு கண்டுபிடிச்சு 1976ல பேட்டன்ட் வாங்கின ஏற்பாடு. இதுல ஒனக்கு என்ன நட்டம்னு கேக்கியா? அரளி மாலையும் செம்பட்டும் குங்குமமும் நெறஞ்ச படத்துல சிவப்பு தனியா 255ல போய் முட்டிக்கிட்டு நிக்கும். கூட்டுக் கணக்குல அதுக்கு 30 பங்குதானே? அதனால ‘ஒண்ணும் இல்ல, எல்லாம் நடுவுலதான்’னு காட்டும். வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாத்தா பட்டுல மடிப்பும் இல்ல, சரிகையும் இல்ல, ஒரே செவப்புப் பூச்சு. கேமராவுல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு ஹிஸ்டோகிராமும் தனித்தனியாக் காட்டுற வசதி இருக்கு. திருவிழாவுக்குப் போறப்போ அத வச்சுக்கோ. செவப்பு முட்டுனா அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் எறக்கு.

அந்த மூணும் இன்னொரு சோலிக்கும் ஒதவும். வெள்ளையோ சாம்பலோ மட்டும் இருக்க எடத்த எடுத்துப் பாத்தா, மூணு குவியலும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். நீலம் வலது பக்கம் விலகி நின்னா படத்துல நீலம் ஏறியிருக்கு; சிவப்பு விலகி நின்னா செவப்பு அடிச்சிருக்கு. வெளிச்சத்துக்கு வெளிச்சம் கலர் மாறும்லா? எண்ணெ வெளக்கு 1,900 கெல்வின் சொச்சம், உச்சி வெயில் 5,500, வேப்பமர நெழல் 7,000த்துக்கும் மேல. ஒங்க அத்த நம்மூர் விசைத்தறிச் சேலய போன்ல படம் எடுத்து விக்கிறால்லா? கடைக்குள்ள டியூப் லைட்டு, வாசல்ல நெழல், பாதிச் சேல உள்ள, பாதிச் சேல வெளிய. மயில்கழுத்துன்னு படம் பாத்து வாங்கினவ, பார்சலப் பிரிச்சுட்டு ‘இது பாசிப் பச்சைலா’ன்னு திருப்பி அனுப்பிட்டா. அத்த தறிக்காரரத் திட்டுனா. தறிக்காரரு சாயக்காரரத் திட்டுனாரு. ஒரு வெளிச்சத்துல வச்சு, ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணி எடுத்திருந்தா மூணு பேருக்கும் அன்னைக்குச் சாப்பாடு எறங்கியிருக்கும்.

அதுக்காக ஒங்க பெரியப்பன் வேட்டிய அளவுகோலா வச்சுராத. அதுல ஒங்க பெரியம்ம சொட்டு நீலம் தாராளமா விட்டிருக்கா. நீலம் போட்ட வேட்டிய வெள்ளைன்னு கேமராவுக்குச் சொன்னா, அது நீலத்தக் கொறச்சுட்டு ஊரையே மஞ்சக் காமாலையாக்கிரும். சாம்பல் அட்டை ஒண்ணு வாங்கி வச்சுக்கோ; கேமராவுக்கு விட்ட துட்டுல அது கால் தூசி. இன்னொண்ணும் கேட்டுக்கோ. எண்ணெ வெளக்கு வெளிச்சத்துல மூணு குவியலும் விலகித்தான் நிக்கும். அத இழுத்து ஒண்ணாக்கிட்டா தீபம் வெளுத்து, கோயில் பிரகாரம் ஆஸ்பத்திரி வராந்தாவாயிரும். சாயங்கால வெயிலுக்கும் அதே கததான். மஞ்சளா இருந்ததுக்கு மஞ்சளா இருக்க உரிம உண்டு.

இப்ப கல்யாண வீட்டுக்கு வா. இங்கதான் ஒன் கைவண்ணம் ஒசந்து நிக்கு. நம்ம பிள்ளைங்க நெறம் அந்த அம்பாரத்துல நடுவுலயோ, அதுக்குக் கொஞ்சம் இடது பக்கமோதான் உக்காரும். நீ என்ன பண்ணுதே? புடிச்சு வலது பக்கம் தள்ளுதே. பொண்ணு மூஞ்சி வெளுக்கு, மூக்குத்தி கரையுது, நெத்திச்சுட்டி மறையுது, மல்லிகைப்பூ காத்துல போவுது. அப்பவும் தள்ளுதே. போன முகூர்த்தத்துல எடுத்த ஆல்பத்தப் பாத்துட்டு மாப்ள வீட்டுக் கெழவி, ‘இது யாரு, மொத சம்பந்தத்துல பாத்த பொண்ணா’ன்னு கேட்டுட்டா. நல்லவேள, மாப்ள மூஞ்சியையும் நீ வெளுத்து வச்சிருந்ததால அந்தாளும் யாருன்னு தெரியாமப் போச்சு, சண்ட வரல.

இது ஒன்னோட போற வியாதி இல்லன்னும் சொல்லிருதேன். மேல்நாட்டுல கலர் பிலிம் கம்பெனிக்காரன் லேபுக்கு ஷெர்லி கார்டுன்னு ஒண்ணு அனுப்புவான். வெள்ளக்காரப் பொம்பள படம். அவ தோலு சரியா வந்தா மத்ததெல்லாம் சரின்னு கணக்கு. கருத்தவங்க மூஞ்சி சேறாப் போனதப் பத்தி ரொம்ப வருசம் அவனுக்குக் கவல இல்ல. 1940 வாக்குல அமெரிக்காவுல ஆன்செல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வெளிச்சத்த 0லருந்து 10 வரைக்கும் 11 படியாப் பிரிச்சாங்க; நல்ல ஏற்பாடு. நடுச் சாம்பல் 5ஆம் படி, அவங்க ஊர் வெள்ளத் தோலு 6ஆம் படி. நம்ம மூஞ்சிக்கு 5 போதும், என் மூஞ்சிக்கு 4 போதும். நீ ஒங்க சித்தி மகள 8ல தூக்கி வச்சிருக்கே. படியேறிப் போனவள எறக்க ஏணி போடணும்.

நான் ஸ்டுடியோவுல இருட்டறைப் பையனா நின்ன காலத்துல இந்த மேடு பள்ளம் எதுவும் கெடையாது. ஊட்டியில 1960ல தொடங்கின இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியோட இந்து பிலிம் வரும். பெரிய ரோல்ல 12 படம்தான். ஒண்ணு வெளுத்தா மொதலாளி மொறைப்பாரு, ரெண்டு வெளுத்தா சம்பளத்துல புடிப்பாரு. அதனால படம் எடுக்கதுக்கு முன்னால வெள்ளை எங்க இருக்கு, கருப்பு எங்க இருக்கு, இதுல எதக் காப்பாத்தணும்னு பாப்போம். ஒனக்கு அந்தப் பயம் இல்ல. ஒரே சப்பரத்த முந்நூறு தடவ எடுக்கே. முந்நூறும் ஒரே மாதிரி வெளுத்திருக்கு. அந்த ஒழுங்க மட்டும் பாராட்டுதேன்.

‘ரா பைல்ல எடுத்தா எல்லாத்தையும் பொறவு சரி பண்ணிக்கிடலாம் தாத்தா’ங்கே. எடு, நல்லதுதான். ஜேபெக்குல ஒரு கலருக்கு 256 படி. 14 பிட் ராவுல 16,384 படி. கேமரா காட்டுற ஹிஸ்டோகிராம் அந்த ஜேபெக் கணக்குதான், அதனால வலது ஓரம் லேசா முட்டினாலும் ராவுல கொஞ்சம் மிச்சம் கெடக்கும். அந்த 16,384ல பாதி, அதாவது 8,192 படி, ரொம்ப வெளிச்சமான ஒத்த ஸ்டாப்புக்கே போயிரும். அதனாலதான் விசயம் தெரிஞ்சவன், செவத்துல முட்டாம வலது பக்கமா ஒதுங்கி எடுத்து, வீட்டுல வந்து எறக்குவான். இருட்டுல எடுத்துட்டு ஏத்துனா அழுக்கும் சேந்து ஏறும். நீ செய்யுறது ரெண்டாவது. ஜேபெக்க எடுத்து வச்சு இழுத்து இழுத்து, ஹிஸ்டோகிராமுல நடுநடுவே ஓட்ட விழ வச்சிருக்கியே, அது அந்தப் படம் ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுற அடையாளம்.

இம்புட்டும் கேட்டுட்டு, படம் எடுக்காம ஹிஸ்டோகிராமையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்காத. சப்பரம் அது பாட்டுக்குத் தாண்டிப் போயிரும். கூட்டம் வாரதுக்கு முன்னால ரெண்டு படம் எடுத்துப் பாரு, ரெண்டு ஓரத்தையும் பாரு, மூணு கலரையும் பாரு, அளவ வச்சுக்கோ. வெளிச்சம் மாறுனா மறுபடி பாரு. மத்த நேரமெல்லாம் மனுச மூஞ்சியப் பாரு. அழுற ஆச்சியையும் அம்பாளுக்குப் பருத்தி வீசுற கையையும் எண்ணத் தெரியாது ஹிஸ்டோகிராமுக்கு. எல்லா அம்பாரமும் சரியா இருந்தும் படம் உப்புச் சப்பில்லாம இருக்கலாம். ஒன் தங்கச்சி காதுகுத்துப் படமே அதுக்குச் சாட்சி.

கடைசியா ஒரு வேல தாரேன், துட்டும் தாரேன். எனக்கு ஒரு படம் எடு. நான் போன பொறவு செவத்துல மாட்டி மால போடுறதுக்கு. இப்பவே எடுத்து வச்சுட்டா, எழவு வீட்டுல நின்னு பழைய ரேஷன் கார்டப் பெருசாக்குற சோலி மிச்சம். என் தலைமுடியும் மீசையும் வலது பக்கத்துல ஒரு சின்னக் குவியல், செவத்துல முட்டாம. என் மூஞ்சி இடது பக்கத்துல பெரிய குவியல், அதுவும் முட்டாம. நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா நீ என்னத்தையோ பூசிட்டேன்னு அர்த்தம், துட்டு கெடையாது. துட்டு போனாப் போவுதுன்னு வெளுத்து வச்சேன்னா இன்னொண்ணும் இருக்கு: மேல ஒங்க ஆச்சி காத்திருக்கா. கருத்த ஆளத்தான் அனுப்பி வைக்கச் சொன்னேன், இது யாருன்னு அவ கேட்டா, ஒன் பேரத்தான் சொல்லுவேன்.